கல்யாணத் தண்ணீரும் கடும் பையும்

அம்மிணிக்கு,

நலமா என்று கேட்டு எழுத வேண்டிய தூரத்தில் நீ இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து ஆபீஸ் கூட்டத்தில் யாருக்கோ இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கீழே எனக்குக் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நம் திருச்செங்கோட்டுப் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் போர்வெல் ஆபீசில் மிச்சமான லெட்டர் பேடில். துளை போடுகிற ரிக் வண்டியை விற்றுவிட்டேன், பேடுதான் தீரவில்லை. மதியம் வயிற்றிலிருக்கிற டயாலிசிஸ் நீர் வடிந்து, புதுப் பை ஏறி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் எழுதுகிறேன், சில மதியங்களாக. நேரில் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். நீ எதிரில் வந்து என்னங்கப்பா என்று நின்றால் ஒன்றுமில்லை சாமி என்று முடிந்துபோகிறது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி மூன்று மாதமாகியும் நீ பூனாவுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தனியாகத் தோசை சுட்டுக் கருக்கிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்பாவின் வயிறு சரியாகட்டும் என்று பதில் சொல்கிறாய். உன் மனதில் இருப்பது அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். என் வயிற்றில் கிருமி புகுந்தது உன் கையால்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றி டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்ன ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். பொறுத்துக்கொண்டு படி.

சேலம் ஆஸ்பத்திரியில் என் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன என்று சொன்ன அன்று நீ அழவில்லை, நான்தான் அழுதேன். வாழ்நாளெல்லாம் ஊரானுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் உடம்பில் சேருகிற தண்ணீரை வெளியே தள்ள முடியவில்லை என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? வாரத்தில் பாதி நாள் சேலத்துக்குப் போய் மெஷினில் படுப்பதா, வீட்டிலேயே வயிற்றில் நீர் விட்டு எடுப்பதா என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நீ பதில் சொன்னாய், வீட்டில்தான் என்று. தொப்புளுக்குப் பக்கத்தில் குழாய் வைத்தார்கள். பையில் இருக்கும் சர்க்கரை நீரை அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். அது சில மணி நேரம் உள்ளே தங்கி, குடலைச் சுற்றியிருக்கிற சவ்வின் வழியாகக் கழிவையும் வேண்டாத தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு வடித்துவிட்டுப் புதுப் பை. நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை நான் மறந்துவிட்டுத் திருதிருவென்று விழிக்க, நீ ஒரே நாளில் கற்றுக்கொண்டாய். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் அதிகாரம் பண்ண ஆள் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை அன்றோடு தீர்த்துவைத்தாய்.

என்ன அதிகாரம்! ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து, முகமூடி போடு, பேசாதே, இருமாதே. வடிந்த பையைத் தினசரி காலண்டர் தாளின் மேல் வைத்து, அதன் வழியாக ராசிபலன் படிக்க முடிகிறதா என்று பார்ப்பாய். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நீர் சுத்தம், கிருமி இல்லை. என் ராசிக்கு இன்று கவலை என்று போட்டிருந்தாலும் நீ சந்தோஷமாகப் படித்துக் காட்டுவாய். பத்துப் பதினைந்து ஆளை வைத்து ரிக் ஓட்டினவன் உன் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதை இப்போது சொன்னால்தான் உண்டு.

பைகளில் மூன்று தரம் உண்டு என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை குறைந்தது, நடுத்தரம், கடுமையானது. சர்க்கரை ஏற ஏற அது இழுக்கிற தண்ணீரும் கூடும். கடும் பையில் ஒரு பெட்டி மட்டும் கொடுத்து, மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் மட்டும் எடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு அளவும் சொல்லியிருந்தார். உன் கல்யாணம் நிச்சயமாகும்வரை நான் அதைத் தாண்டவில்லை. சத்தியமாகத் தாண்டவில்லை.

அப்புறம் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். நானும், உன் சித்தப்பாவும், சித்தியும். நம் பக்கத்தில் பத்திரிகை வைப்பது என்றால் கொடுத்துவிட்டு வருவதில்லை. வாசலில் செருப்பை விடும்போதே உள்ளிருந்து சொம்பில் தண்ணீர் வந்துவிடும். வாங்கிக் குடித்தால்தான் வந்ததாகக் கணக்கு. அதன் பின் மோர், அதன் பின் காபி. ஒரு வீட்டில் தண்ணீரைத் தொடாமல் வந்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். காடு கரைச் சண்டையில் பேச்சு நின்றவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். முதல் நாள் உன் பெரியம்மா வீட்டிலேயே வேண்டாமுங்க, எனக்கு அளவு இருக்குது என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க, பொண்ணு கல்யாணம் சொல்ல வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காம போனா எப்படிங்க? எங்க ஊட்டு மேல என்னங்க கோவம்?" என்று கேட்டார்கள். நான் குடித்தேன். அடுத்த வீட்டில் கேட்பதற்கு முன்பே குடித்தேன். நீ சும்மா வாயில் வைத்துவிட்டுக் கொடுத்துவிடச் சொல்லி அனுப்புவாய். கொடுத்தவர்கள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எப்படி முடியும்? ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று யோசித்துப் பார்.

தண்ணீர் கொடுத்தால் மறுக்க என்னால் முடியாது என்பதற்கு நீயும் ஒரு காரணம். நீ மூன்றாவது படிக்கும்போது நான் மத்தியப் பிரதேசத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்து மழைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். அந்த வருடம் தாடியும் அழுக்குமாக வந்து வாசலில் நின்றபோது நீ என்னைப் பார்த்து வாங்க என்றாய். உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாய், விருந்தாளிக்கு நீட்டுகிற மாதிரி. உன் அம்மா முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் சொம்பைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்து முடித்தேன். பெற்ற பெண்ணுக்கு நான் விருந்தாளியாகிவிட்டேனே என்று அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த சீசனுக்கு வண்டியை மட்டும் அனுப்பிவிட்டு நான் ஊரில் இருந்துவிட்டேன். வருமானம் குறைந்தது என்று உன் சித்தப்பா கோபித்தார். அந்த வருடம்தான் உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். பத்திரிகை வைத்துத் திரும்பும்போது செருப்பு காலில் ஏறாது. படுத்தால் மூச்சு முட்டியது. கடும் பையை எடுத்து மாட்டினேன். அப்படி இழுத்தது! விட்டதைவிட எவ்வளவோ அதிகமாக வடிந்தது. புதுப் போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டால் எனக்கு வருமே ஒரு பெருமை, அது வந்தது. மறுநாள் இன்னும் நான்கு வீடு சேர்த்துப் போனேன். மதியப் பையும் சாயங்காலப் பையும் நீ பழக்கிவிட்ட பிறகு நானே போட்டுக்கொள்கிறவை. நீ அப்போது புடவை எடுக்க இளம்பிள்ளைக்கும் சேலத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாய். இரவுப் பை மட்டும்தான் உன் கையில். ஆகவே பகல் இரண்டையும் கடும் பையாகவே போட்டேன், கல்யாணம் வரைக்கும். தீர்ந்ததும் சேலத்துக்குப் போன் போட்டு இன்னும் இரண்டு பெட்டி வரவழைத்தேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. எவ்வளவு குடித்தாலும் எடுத்துவிடலாம் என்கிற தைரியம் வந்துவிட்டது எனக்கு.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மணமகள் அறையில் வைத்து நீ எனக்கு ஒரு பை மாட்டிவிட்டாய். பட்டுப்புடவையும் பூவுமாக, கையில் மருதாணி. வெளியே நாதஸ்வரம், கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற ஜனம். சித்தி வேறு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். நீ கையைக் கழுவினாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வழக்கம்போல முழங்கை வரை தேய்க்கவில்லை, வளையல் தடுத்தது. மறுவீட்டு விருந்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வடிந்த பையை நீ காலண்டர் தாள் மேல் வைத்தாய். ராசிபலன் தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை இலையில் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டுக் கார் எடுக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் பையிலேயே ஆன்டிபயாடிக் கலந்து விட்டார்கள். சில நாட்களில் நீர் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும், பிறகு மெஷின்தான் என்றார்கள். நீ தினமும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். மருதாணிக் கையோடு தொட்டேன், அவசரப்பட்டேன், எல்லாம் என்னால்தான் என்று மாப்பிள்ளையிடம் தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கடைசியில் தெளிந்தது. மாப்பிள்ளையின் லீவு தீர்ந்து அவர் தனியாக ரயிலேறினார். நீ தங்கிவிட்டாய்.

இனி உனக்குத் தெரியாதது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாதமாக என்னென்ன பை போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். என் மகள் கையால் வந்ததுங்களா என்று நானே கேட்டேன். அவர் சொன்னதை மறக்காமல் அப்படியே எழுதுகிறேன்: "கிருமி எந்த வழியா வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. கையில இருந்து வரலாம், குடல்ல இருந்தே வரலாம். எத்தனை கழுவினாலும் எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு உள்ள போகத்தான் செய்யும். அதைத் தின்னு தீர்க்கறதுக்கு வயித்துக்குள்ள காவல் அணுக்கள் இருக்குதுங்க. நீங்க மாத்தி மாத்தி ஊத்துன கடுஞ்சர்க்கரைத் தண்ணியில அதுகளுக்குத் தெம்பு போயிருக்கும்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். கிட்னி போனவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே பாதிதான் இருக்குமாம். அதன் மேல் அந்தக் கடும் பை. அதில் சர்க்கரை அதிகம், புளிப்பும் உண்டு, கம்பெனியில் பையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும்போது சர்க்கரை சிதைந்து உண்டாகிற வேண்டாத பொருட்களும் உண்டு. அந்தக் குளத்தில் மூழ்கிக் கிடக்கிற காவல் அணு கிருமியைப் பார்த்தாலும் பிடிக்காது, பிடித்தாலும் கொல்லாது. சவ்வும் நாளடைவில் தடித்துக் கெட்டுவிடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய போரில் பெரிய கம்ப்ரஸரைப் போட்டு இழுத்தால் அன்றைக்குத் தண்ணீர் கொட்டும், உள்ளே மண் சரிந்துவிடும். எத்தனை பேரிடம் அப்படி இழுக்காதீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன்! என் வயிற்றில் நானே இழுத்தேன்.

அன்றைக்குத்தான் இரவுப் பையை மாற்றினார். நீ இப்போது மாட்டுகிறாயே, அந்தப் பை. புதுசு, நல்லது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். அது மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கிற பொருளில் செய்ததாம். எங்க நாமக்கல் கோழித் தீவனமுங்களா என்று கேட்டேன், டாக்டரம்மா சிரித்துவிட்டார். அது இரவு முழுக்க மெதுவாகத் தண்ணீரை இழுக்கும், கடும் பை தேவைப்படாது, காவல் அணுக்களுக்கும் அவ்வளவு தொல்லை இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆராய்ச்சி பண்ணினவர்களிடமே இதில் ஒரே பேச்சு இல்லை என்றும் சொன்னார். ஆனால் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார், எந்தப் பையும் கணக்கில்லாமல் தண்ணீர் குடிக்கிறவனைக் காப்பாற்றாது என்று.

நீ மருந்தோடு மேலே வந்தாய். டாக்டரம்மா வேறு அறைக்குப் போய்விட்டார். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. காரில் வரும்போது சொல்லவில்லை. மாப்பிள்ளை ரயிலேறிய பிறகும் சொல்லவில்லை. முதலில் வெட்கம் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்ததற்கும் கடும் பைக்கும் உன்னிடம் திட்டு வாங்க வேண்டுமே என்று. அப்புறம்தான் எனக்கே புரிந்தது. உன் தப்பு என்று நீ நினைக்கிறவரை நீ இங்கே இருப்பாய். காலையில் நீ மாடியிலிருந்து இறங்கி வருகிற சத்தம், ராசிபலன் படிக்கிற குரல், மோருக்கு அளவு வைத்துக் கொடுக்கிற டம்ளர். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பெண் இன்னும் வீட்டில் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து, சவ்வு தாங்கிவிட்டது, இனி எல்லாப் பையும் அவரே போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு நீ, இன்னும் ஒரு மாதம் நான் கூட இருந்து பார்க்கிறேன் என்றாய். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இப்போது நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று உன்னை நம்பவைக்க வேண்டும். போன வாரம் உன் மாமியார் வீட்டுக்குப் பள்ளிபாளையம் போனேன், தனியாக. உன்னிடம் ஈரோட்டில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். சம்பந்தி வீட்டில் மறுப்பதைவிடக் கஷ்டம் உலகத்தில் கிடையாது. சொம்பு வந்தது. உட்காருவதற்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், எனக்கு வயிற்றில் இப்படி ஒரு குழாய் இருக்கிறது, இது குடித்தால் இப்படி ஆகும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. சம்பந்தியம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஊரே உங்களுக்குத் தண்ணி குடுத்திருக்காதுங்களே அண்ணா" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. முறுக்கு கொடுத்தார்கள், அதிலும் உப்பு என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். நீ புதுக் குடும்பத்துக்குப் போகிறாய். வேண்டாம் என்பதைச் சிரித்த முகத்தோடு முதல் நாளே சொல்லிவிடு. மாப்பிள்ளையிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் ஆறப்போடாதே. ஆறப்போட்டால் நாக்குக்கு அது சுகமாகப் பழகிவிடுகிறது, என்னைப் பார்த்தாயல்லவா?

நேற்று மதியம் ரசம் சோறு பிசையும்போது நீ கையை உதறிக்கொண்டு ஸ்பூன் எடுக்க எழுந்து போனாய். என்ன என்று கேட்டதற்குக் காரம் எரிகிறது என்றாய். அப்போதுதான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. என் பையைத் தொடாத நேரத்திலும், அடுப்படியிலும் மாடியிலும், நீ கையைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறாய். இத்தனை நாள் ஒரே வீட்டில் உட்கார்ந்து அதைக் கவனிக்காமல் ராசிபலன் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி வைத்திருந்த இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் முடிக்க முடிந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார். இரவுப் பையை இன்றிலிருந்து நான் போட்டுக்கொள்கிறேன், நீ கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். என் மேல் கோபம் வரும், வரட்டும். பேசாமல் இருக்க வேண்டும் போலிருந்தால் இரு. ஆனால் இதை மட்டும் நம்பு. கிருமி எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. உன் கையாலேயே வந்திருந்தாலும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய காவலைப் படுக்க வைத்தவன் நான். அதைத் தெரிந்துகொண்டும் மூன்று மாதம் உன்னை வீணாகக் கை கழுவ விட்டவனும் நான்தான்.

இனிக் கழுவாதே சாமி. கைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு தூங்கு. போயிட்டு வா.

அப்பா